மூன்றாவது ராஜாவின் மூக்கு

மந்தைவெளி அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனி வெயிலில் லியோனார்ட் வேப்பங்கட்டையைக் கையில் பிடித்துப் பேனாக்கத்தியால் சீவிக்கொண்டிருக்கிறார். சுருள் சுருளாக உதிரும் சீவல்கள் லுங்கி மடிப்பில் சேர்கின்றன. மாலையில் வைக்கப்போகும் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜா பொம்மைகளில் மூன்றாவது ராஜா இல்லை; பழையவரைக் கரையான் தின்றுவிட்டது. காலையில் கட்டையை மேஜையோடு இறுக்கி, உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிச் செதுக்கியதில் கிரீடமும் தாடியும் ஜோராக வந்துவிட்டன. ஆனால் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கீழ்வீட்டுச் சந்திரிகாவின் தூக்க நேரம். அவர் போட்ட சட்டப்படி அப்போது தட்டிச் செதுக்கத் தடை, சத்தமில்லாமல் சீவ அனுமதி. அங்கியைச் சீவி வழவழப்பாக்கியாயிற்று. மூக்கோரம் மட்டும் கத்தி நுழைவேனா என்கிறது. ராஜாவின் முகத்தில் போண்டாவை ஒட்டியதுபோல் இருக்கிறது.

அழைப்பு மணி அடிக்கிறது. கலைந்த கொண்டையோடு சந்திரிகாவே வாசலில் நிற்கிறார்.

"சத்தமே காணோமேன்னு தூக்கம் வரல சார்."

"சீவிக்கிட்டுதான் இருக்கேன் மேடம், செதுக்கல," என்று லியோனார்ட் கத்தியை உயர்த்திக் காட்டுகிறார்.

சந்திரிகா ராஜாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இன்னா சார் மூக்கு இது?"

"அதுக்கு உளி வேணும். நாலு மணி ஆவட்டும்."

சந்திரிகா கடிகாரத்தைப் பார்க்கிறார். மறுபடி மூக்கைப் பார்க்கிறார். பிறகு தானே கதவைச் சாத்துகிறார். "ஒரே ஒரு தட்டு. யாருக்குக் கேக்கப்போவுது?"

ராஜா மேஜைக்குப் போகிறார். உளி மூக்கோரம் உட்காருகிறது. டொக்.

கீழேயிருந்து சந்திரிகாவின் கணவர் குரல் படியேறி வருகிறது: "சந்திரிகா! மேல போய் அந்த மனுஷன்கிட்ட மணி என்னான்னு கேளு!"