கிளிஃபர்ட் தூக்கிய விரல்

பந்து ஜூலியனின் காலில் பட்டது. எதிரணி மொத்தமும் கையைத் தூக்கிக் கத்தியது.

அம்பயராக நின்ற கிளிஃபர்ட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விரலைத் தூக்கிவிட்டார்.

பந்து போட்ட வில்ஃபிரட்டுக்கே நம்ப முடியவில்லை. சும்மா கேட்டு வைப்போமே என்றுதான் மனிதர் கேட்டிருந்தார். கிராமத்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அம்பயர் எங்கிருந்து வருவார்? ஆடுகிற அணியில் முதலில் அவுட்டாகி வந்தவர்தான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நிற்பவர் சொந்த அணிக்காரனுக்கே எல்.பி.டபிள்யூ கொடுத்ததாக அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஜூலியன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டான்.

அம்பயராக நிற்க வேறொருவர் வந்து கோட்டை வாங்கிக்கொண்டதும், கேப்டன் ரோலண்ட் மெதுவாகக் கேட்டார்.

"நம்ம ஆளையேவா, கிளிஃப்?"

"அவுட்டுன்னா அவுட்டுதான். நம்ம ஆளு, அவங்க ஆளுன்னு அம்பயர் பாக்கலாமா?"

குரல் என்னவோ கணீரென்றுதான் வந்தது. ஆனால் காலில் படுவதற்கு முன் பந்து மட்டையில் உரசிய சத்தம் அவர் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. மட்டையில் பட்டுவிட்டால் அவுட் இல்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

வயிற்றெரிச்சல்தான். வேறென்ன?

இந்த வருஷம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர்கள் அணி ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். ஒன்றை மழை வந்து காப்பாற்றியது. அப்போதுதான் லண்டனிலிருந்து இந்த ஜூலியன் ஊருக்குக் குடிவந்தான். அதற்கப்புறம் வெற்றிதான்.

அணி ஜெயிக்க ஜெயிக்க கிளிஃபர்ட் தோற்றுக்கொண்டே போனார். முதல் ஆளாக இறங்கி ஆடும் இடம் போனது. "ஜூலியன் என்ன சொல்றான்?" என்று எல்லோரும் அவனையே கேட்க ஆரம்பித்தார்கள். தேநீர் இடைவேளைக்கு அவன் சொந்தமாக எலுமிச்சை கேக் வேறு செய்துகொண்டு வந்தான். கிளிஃபர்ட்டின் மனைவி டோரீன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

மிச்சமிருந்தது குவளை ஒன்றுதான்.

ஊர் பப்பில், பீர் ஊற்றும் இடத்துக்கு மேலே தொங்கும் பழைய ஈயக் குவளை அது. ஒவ்வொரு வருஷமும் அதிக ரன் எடுத்தவர் பெயரை அதில் பொறிப்பார்கள். இருபது வருஷம் ஆடியும் கிளிஃபர்ட்டின் பெயர் அதில் ஏறியதில்லை. இந்த வருஷம் ஏறும் போலிருந்தது.

காரணம், ஜூலையில் இதே வில்ஃபிரட்டின் ஊரோடு நடந்த ஆட்டம். அன்று அவர்களுக்கு ஆள் குறைச்சல். ஆள் குறைந்தால் எதிரணிக்குக் கடன் கொடுப்பது வழக்கம் என்பதால், அவர்களுக்காக ஃபீல்டிங் செய்ய ஜூலியனை அனுப்பினார் ரோலண்ட். கிளிஃபர்ட் ஆரம்பத்திலேயே ஒரு பந்தைத் தூக்கி அடித்து, குழந்தைகூடப் பிடிக்கும் கேட்ச் ஒன்று கொடுத்தார். ஜூலியன் கைக்குள் போன பந்து கீழே விழுந்தது. பிறகு கிளிஃபர்ட் எடுத்தது எண்பது ரன்.

அன்றிலிருந்து அவனுக்கு 'ஓட்டைக்கையன்' என்று பெயர் வைத்து, பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டார். அந்த ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

இன்று கடைசி ஆட்டம். கிளிஃபர்ட் ரன் எடுக்காமலே திரும்பிவிட்டார். ஜூலியன் இன்னும் மூன்று ரன் எடுத்திருந்தால் வருஷக் கணக்கில் அவரைத் தாண்டியிருப்பான்.

அவன் போனதும் மற்றவர்கள் மளமளவென்று அவுட்டானார்கள். ஆட்டம் தோற்றது.

சாயங்காலம் பப்பில் குவளையை இறக்கி, பீர் ஊற்றி, கிளிஃபர்ட் கையில் கொடுத்தார் ரோலண்ட். எல்லோரும் கைதட்டினார்கள். ஜூலியன்தான் அதிகமாகத் தட்டினான்.

அதுவும் கிளிஃபர்ட்டுக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம ஓட்டைக்கையன் மட்டும் அன்னைக்கு அந்தக் கேட்சைப் பிடிச்சிருந்தா, இது எனக்குக் கிடைச்சிருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜூலியனும் சிரித்துவிட்டு, இன்னொரு கூஜா பீர் வாங்கப் போனான்.

பக்கத்தில் நின்ற வில்ஃபிரட், கிளிஃபர்ட்டின் காதருகே குனிந்தார்.

"அது நழுவுன கேட்ச் இல்லய்யா."

"பின்னே?"

"வேணும்னே விட்டான். ஆட்டம் முடிஞ்சதும் அவனே எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டான். எனக்குக் கோபம்தான் வந்துச்சு. 'இருபது வருஷமா அந்தக் குவளையைப் பாத்துப் பாத்தே குடிக்கிறாரு, ஒரு தடவையாவது அவர் பேரு வரட்டுமே'ன்னான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னான். நானும் சொல்லியிருக்க மாட்டேன். நீ அவனையே கேலி பண்றே, கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

கிளிஃபர்ட் குவளையைக் கீழே வைத்தார். அவமானத்தில் காது சுட்டது. அதற்குள் ஜூலியன் கூஜாவோடு வந்துவிட்டான்.

வில்ஃபிரட் விடுவதாக இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"ஒரு சந்தேகம், கிளிஃப். இன்னைக்கு அந்த எல்.பி.யில, பந்து முதல்ல மட்டையில பட்டுச்சே. பந்து போட்ட எனக்கே சத்தம் கேட்டுது. உனக்குக் கேக்கலையா?"

ரோலண்ட் திரும்பிப் பார்த்தார். கிளிஃபர்ட் வாயைத் திறந்தார்.

"மட்டையிலயா?" என்றான் ஜூலியன், கிளிஃபர்ட்டின் குவளையை நிரப்பிக்கொண்டே. "மட்டையைப் பிடிச்சிருந்த எனக்கே கேக்கலையே, வில்ஃபிரட்."