காரணம் தெரியும்வரை

அப்பா இறந்த செய்தி கேட்டுப் பூங்கோதை தானே விழுப்புரத்துக்கு ஓட்டிவந்த டாக்சி, அப்பா வீட்டுத் தெருமுனையில் நின்றுவிட்டது. இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. கதவுகள் பூட்டிக்கொண்டன.

"தெளிவில்லாத கோளாறு," என்றது கார். "காரணம் தெரியும்வரை யாரும் இறங்கக் கூடாது. உங்கள் பாதுகாப்புக்காகத்தான்."

கண்ணாடி வழியே பந்தல் தெரிந்தது. பாடைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி மாறன் ஓடிவந்து கதவை இழுத்தான். கல்லால் அடித்தும் பார்த்தான். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை.

"அக்கா, இதுக்கு மேல வைக்க முடியாதுங்கறாங்க."

"நான் முகம் பாக்கணும்டா. நிறுத்தச் சொல்லு."

அவன் திரும்பி ஓடினான். அவள் காரிடம் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"சொல்ல இயலாது. ஓட்டுநரின் தவறு என்று ஒப்புக்கொண்டால் சோதனை இப்போதே முடியும்."

அப்படி ஒப்புக்கொண்டவர்களை அதன்பிறகு எந்தக் காரும் ஓட்ட விடாது. அவளுக்குத் தெரிந்ததோ இந்த ஒரு தொழில்தான். வியர்வையில் புடவை முதுகோடு ஒட்டியது. பறைச் சத்தம் ஏறியது. பாடையைத் தோளுக்குத் தூக்கிவிட்டார்கள்.

"என் தப்புதான்," என்றாள்.

கதவு திறந்தது. செருப்பில்லாமல் ஓடினாள். அவளைக் கண்டு பாடையை இறக்கினார்கள். அப்பாவின் குளிர்ந்த கன்னங்களை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஆறும்வரை அழுதாள்.

எல்லாம் முடிந்து அவள் தெருமுனைக்கு வந்தபோது மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. கோளாறு எதுவும் இல்லை என்று திரை காட்டியது. அவள் கைப்பிடியை இழுத்தாள். கதவு திறக்கவில்லை.