நாலாவது ஃபில்டர்

"வீட்டுல மொத்தம் எத்தனை போன்மா?"

புதிதாக இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்த லைன்மேன் கேட்டது சாதாரணக் கேள்விதான். பதில் சொல்வதற்குள் அவள் பார்வை மாடிப்படிக்குப் போய் வந்தது.

"மூணு" என்றாள்.

ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, கணவர் கட்டட வரைபடம் போடும் அறையில் ஒன்று. மூன்றுக்கும் தீப்பெட்டி அளவில் தலா ஒரு ஃபில்டர் மாட்டினான். ஒரே கம்பியில்தான் பேச்சும் வருகிறது, இன்டர்நெட்டும் வருகிறது. ஃபில்டர் இல்லாமல் ஒரு போன் இருந்தாலும் இரண்டும் அடித்துக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டுப் போனான்.

நாலாவது போன் மாடியில், பழைய சாமான் அறையில், கிழிந்த போர்வைக்கு அடியில் இருந்தது. அது செத்து வருஷக்கணக்காகிறது என்றுதான் வீட்டில் பேச்சு. தினம் பதினொரு மணிக்கு மட்டும் அதற்கு உயிர் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன் மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அவள் பேச்சே இனி இந்த வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டார் அவர். சொன்னால் சொன்னதுதான். பெற்ற வயிறு கேட்குமா? இப்போது மகளுக்கு மாசம் நிறைந்துவிட்டது. எந்த நாளும் வலி எடுக்கலாம்.

மறுநாள் பதினொன்றுக்கு வழக்கம்போல மாடிக்குப் போய் ரிசீவரை எடுத்து மகளுக்கு டயல் செய்தாள். மகள் குரலுக்கு மேல் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல்.

"என்னடி? வலியா? கேட்கலையே" என்று தன்னை மறந்து குரலை உயர்த்திவிட்டாள்.

கீழே அவர், அனுப்பிக்கொண்டிருந்த படம் பாதியில் நின்றுவிட்டது என்று மோடத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு ஓடி வந்தாள். மகளுக்கு வலி இருக்கிறதா, இல்லையா? கடைசிவரை தெரியவில்லை.

நாலு நாளாக இதே கூத்து. அவளுக்கு ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் தொலைபேசி ஆபீசுக்கே நேரில் போய்விட்டு வந்தார். போன வேகத்தைப் பார்த்தால் அங்கே ஒருவரையும் விட்டு வைத்திருக்க மாட்டார்.

அடுத்த நாள் காலையில் லைன்மேன் வந்து நின்றான். வாசலிலேயே அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் கம்பியைச் சோதித்துவிட்டு, ஃபில்டர் இல்லாத போன் இன்னும் ஒன்று இருக்கிறது என்றான்.



"எங்க இருந்தாலும் தேடிப் பிடி. நான் கடை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார் அவர்.

லைன்மேன் நேரே மாடிப்படி ஏறினான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"தம்பி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்த போனைப் பத்தி அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே. என் பொண்ணுக்குப் பிரசவ நேரம். அவகிட்ட பேச எனக்கு வேற வழியில்லை."

அவன் எங்கேயும் தேடவில்லை. போர்வையை விலக்கினான், சட்டைப் பையிலிருந்து ஃபில்டரை எடுத்து மாட்டினான், ரிசீவரை அவளிடம் நீட்டினான். இரைச்சல் சுத்தமாக நின்றிருந்தது.

"நான் சொல்லி அவருக்குத் தெரிய என்னம்மா இருக்கு? நேத்து ஆபீசுக்கு வந்து இந்த ஃபில்டரைக் கேட்டு வாங்கி என் கையில கொடுத்ததே சார்தான். போர்வைக்கு அடியில இருக்கும், நான் வெளிய போனதும் மாட்டிடு, நாலு நாளா பொண்ணு பேசறது அவளுக்குச் சரியாவே கேட்கலைன்னார்."