கோமளா டீச்சரின் ஐந்தாவது வழக்கு

பேனாவைக் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னாள்.

அவள் கையெழுத்துக்காக முப்பது புத்தகங்கள் பாயில் காத்திருந்தன. அட்டையில் அவள் பெயர்.

நாளைக்குச் சங்கரவடிவின் பேத்திக்குக் காதுகுத்து. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, கூடவே ஒரு புத்தகம். எங்க எதிர் வீட்டு அக்கா எழுதினது என்று பாளையங்கோட்டையில் இருக்கிற சொந்தம் முழுவதிலும் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

பை போட வாங்க என்று காலையில் கூப்பிட்டாள். எதிர் வீட்டுக்காரி என்ன சாக்குச் சொல்ல முடியும்? வந்து உட்கார்ந்தாள்.

அறுபத்தொரு வயதில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எழுத ஆரம்பித்தவள் அவள். துப்பறியும் கதைகள்தான். ஆனால் கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு நகை காணாமல் போகும். ஒரு மாமியார் பொய் சொல்லுவாள். கதைகளில் துப்பறிய வருகிற, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்ந்த கோமளா டீச்சர் எல்லாரையும் கூடத்துக்கு வரவழைத்து, காபி கொடுத்து, எடுத்தது யார் என்று சொல்லுவாள்.

பதிப்பகத்தார் யாரும் சீந்தவில்லை. அவளே தட்டச்சு செய்து, அவளே அட்டை போட்டு, இணையத்தில் ஏற்றினாள். யாராவது கேட்டால் அச்சடித்து அனுப்புவார்கள்.

கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

யார் படிக்கப் போகிறார்கள் என்ற அந்தத் தைரியத்தில்தான் பாயில் கிடக்கிற இந்த ஐந்தாவது புத்தகத்தை எழுதினாள்.

கதை கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். சங்கரவடிவு எப்போதோ அழுதபடி சொன்னது நினைவுக்கு வந்தது. புருஷன் போன மறு வருஷம், நாத்தனார் வீட்டுக் கல்யாணம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருக்கிறாள். நாத்தனார் வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நீ கொடுக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை, அத்தனை பேர் முன்னால்.

வீடு திரும்பும்போது அந்த வெள்ளிக் கிண்ணம் சங்கரவடிவின் பைக்குள் இருந்தது. புருஷனின் சவரப் பெட்டியில் ஒளித்து வைத்தாள்.

யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லவில்லைதான். எழுதினாள்.

பெயரை மாற்றினாள். ஊரை மாற்றினாள். சந்தனக் கிண்ணத்தைக் குங்குமச் சிமிழாக்கினாள். சவரப் பெட்டியை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. கதைக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது.

அந்த நாத்தனார் நாளைக்கு வருகிறாள்.

தாம்பூலம் வாங்கிக்கொண்டு போவாள். இரண்டு நாளில் படித்து முடிப்பாள். கல்யாணத்து வாசலையும் கையிலிருந்து பிடுங்கியதையும் அவள் மறந்திருக்கவா போகிறாள்? அதற்கப்புறம் சங்கரவடிவு சொந்தத்தில் தலைகாட்ட முடியாது.

சங்கரவடிவு இன்னும் படித்திருக்க மாட்டாள் என்று நம்பினாள். கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. புதுக் கண்ணாடி வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அந்தக் கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று கோமளா டீச்சர் புத்தகத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். எழுதும்போது அது சும்மா ஒரு பழமொழியாகத்தான் இருந்தது.

சொல்லிவிட வேண்டும். நாலு தரம் வாயெடுத்தாள். நாலு தரமும் ஒரு தேங்காயை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

சங்கரவடிவு ஒரு பையைத் தனியாக எடுத்தாள். தேங்காய் வைத்தாள், வெற்றிலை வைத்தாள். அடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்தாள். மற்றதோடு கலந்துவிடாமல் பையின் காதில் மஞ்சள் நூலைக் கட்டினாள்.

“இதுல புத்தகம் வேண்டாம். இது எங்க நாத்தனாருக்கு.”

கோமளா டீச்சரிடம் அகப்பட்ட எந்தத் திருடியும் இப்படிக் கையும் களவுமாக அகப்பட்டதில்லை.

“வடிவு...”

சங்கரவடிவு நிமிரவில்லை. ஆர்டர் போட்ட பிறகுதான் படித்தாளாம். முதலிலேயே படித்திருந்தால் போட்டிருக்க மாட்டாளாம். திட்டினாலாவது தேவலாம் போலிருந்தது. சங்கரவடிவு நூலின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

“பதினோரு நாள் கழிச்சு நானே கொண்டுபோயி அவ சாமி ரூம்ல வச்சிட்டு வந்தேம்லா. அத மட்டும் விட்டுட்டியளேக்கா.”

மறந்து விட்டது அல்ல அது. எடுத்தவளே திருப்பி வைத்துவிட்டால் கோமளா டீச்சருக்கு என்ன வேலை? கூடத்தில் எல்லார் முன்னாலும் யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது? அதனால் பதினோராம் நாளை அவளே வெட்டி எடுத்தாள். எடுத்ததும் கதை விறுவிறுவென்று ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்தாள்.

காபி குடித்ததை நினைக்கத்தான் மிகவும் வெட்கமாக இருந்தது.

சங்கரவடிவு பீரோ மேலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, பாக்குப் பொட்டலங்களை எண்ணப் போனாள்.

அவள் முதல் புத்தகத்தை எடுத்தாள். கையெழுத்துப் போடுகிற பக்கத்தைத் தாண்டினாள். கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். எல்லாரும் கூடத்தில் கூடியிருந்தார்கள். அந்தப் பெண் நடுவில் தலைகுனிந்து நின்றாள்.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. பொடி எழுத்தில், நுணுக்கி நுணுக்கி, அங்கே பதினோராம் நாளை எழுத ஆரம்பித்தாள்.

இன்னும் இருபத்தொன்பது இருந்தன.