ஏறாத மரம் எடுத்த டிக்கெட்

ஆற்றங்கரையில் ஓர் அத்திமரம் தன்னந்தனியாக நின்றது. எதிர்க்கரையிலிருந்து அணிலும் எலியும் நத்தையும் ஆமை முதுகில் ஏறி அதைத் தேடி வரும். தவளைதான் கண்டக்டர். அது "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தால் மரத்துக்கு இலையெல்லாம் சிலிர்த்துவிடும். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று அதற்கு ஒரு நினைப்பு.

அந்தக் கோடையில் குரல் நின்றுபோனது. பழங்கள் உதிர்ந்து, சீந்துவாரில்லாமல் அழுகின. மரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் தவளை மட்டும் நீந்தி வந்தது.

"ஆமை எங்கப்பா?"

"பட்டினியா கிடக்குது அக்கா. ஏறுறவங்க ஆளுக்கொரு பிடி கீரை தரணும்னு வெச்சோம். இந்த வறட்சியில கீரைக்கு எங்க போவாங்க? யாரும் ஏறல."

கிளையிலிருந்த கொக்கைப் பார்த்தது மரம்.

"என்னை ஏன் பார்க்குறே? எனக்குத்தான் ரெக்கை இருக்கே. நான் ஏறாத வண்டிக்கு நான் ஏன் கொடுக்கணும்?"

மரம் தன்னை ஒரு உலுக்கு உலுக்கியது. பழங்கள் தொப்புத்தொப்பென்று ஆற்றில் விழுந்தன.

"தள்ளிக்கிட்டுப் போ தம்பி. இனிமே ஆமைக்குத் தீனி என் பொறுப்பு."

கொக்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நின்ன இடத்தைவிட்டு நகர முடியாத உனக்கு எதுக்கு டிக்கெட்டு? எந்த ஊருக்குப் போகப்போறே?"



மறுநாள் காலையில் எதிர்க்கரையில் ஒரே கூச்சல். "ஏறு, ஏறு! நத்தை, உள்ளே தள்ளி உட்காரு! போலாம் ரைட்!"

காற்று துளிகூட இல்லை. அத்திமரம் மட்டும் அத்தனை இலைகளும் படபடக்க, புறப்படத் தயாராக நின்றது.