லியோனார்ட் பிடுங்கின போண்டா

“பீவிம்மா, அந்த நாப்பது போண்டாவும் எனக்கு வேணும். குடு!”

கேட்டது லியோனார்ட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்த நாப்பதும் நான் காலையிலேயே சொல்லிவெச்ச போண்டா. நாலு பொட்டலமா கட்டி ரெடியா கீது. நான் பையை விரிச்சுகினு நிக்கறேன், நடுவுல பூந்து கேக்கறான்.

“டேய், அது என்னுதுடா!”

“தெரியும் மாமு. எனக்கு வேணும்.”

“இன்னாடா வெளையாடறியா? நாலு மணிக்கு என் பொண்ணைப் பாக்க ராயபுரத்துலேர்ந்து வராங்க. இப்பவே மணி மூணரை!”

அவன் காதுலயே போட்டுக்கல. காசைப் பலகை மேல வெச்சுட்டு, நாலு பொட்டலத்தையும் வாரி நெஞ்சோட அணைச்சுக்கினான்.

“கஸ்பாரு சொல்லிவெச்சது தம்பி அது! இன்னொரு ஈடு போட மாவு கூட இல்லியே”ன்னு டீக்கடை காத்தூன் பீவி பதறினாங்க.

வேற எவனாவது செஞ்சிருந்தா இவ்ளோ ஆத்திரம் வந்திருக்காது. செஞ்சது லியோனார்ட்டு!

திருவொத்தியூர்ல எங்க கம்பெனிக்கு கம்ப்யூட்டர் வந்த புதுசு. நான் இரும்பு உருக்கற எடத்துல வெந்துகினு கீறேன். அவன் ஏசி ரூம்ல அந்த மெஷினோட குடித்தனம் பண்றான். டீ குடிக்க வந்தா அதே பேச்சுதான். ஓட்டை போட்ட அட்டைங்களைக் கட்டு கட்டா உள்ள உட்டா, அது சொல்றபடி மெஷினு வேலை செய்யுமாம். அதுக்குப் பேரு புரோகிராமாம்.

“சைக்கிள் விக்கிறவன் செயினை மூடி வெல்டு வெச்சுக் குடுத்தா வாங்குவியா மாமு? மெஷினு விக்கிறவன் அப்படித்தான் குடுக்கறான். உள்ள இன்னா கீதுன்னு நாம பாக்கக் கூடாதாம். எங்க மேனேஜர் ரகுபதி, நான் எழுதின அட்டையையே பீரோவுல வெச்சுப் பூட்டறாரு. நான் ஒருத்தனுக்குக் காப்பி குடுத்தா எங்கிட்ட கொறைஞ்சா பூடும்? எல்லாம் எல்லாருக்கும் சொந்தம் மாமு!”

வாய்ப்பேச்சு மட்டும் இல்ல. எண்ணூர் கம்பெனிக்காரன் ஒருத்தன் கேட்டான்னு ஒரு அட்டைக் கட்டையே காப்பி எடுத்துக் குடுத்து, மெமோ வாங்கினவன்.

அந்த வாயை நெனச்சதும் எனக்கு உச்சிமண்டை சூடேறிச்சு.

“எல்லாம் எல்லாருக்கும்னு தொண்டை கிழிய கத்துவியே, இப்ப என் பொண்ணு பலகாரத்துல கை வெக்கிறியே! நீயெல்லாம் மனுசனாடா?”

டீ குடிச்சுகினு இருந்த நாலஞ்சு பேரு சிரிச்சானுங்க. அவன் தலையைக் குனிஞ்சுகினு சைக்கிள் ஏறிப் பூட்டான்.

நான் காலிப் பையை மடிச்சேன். ரெண்டு வருசம் முன்னாடி எனக்கு நெஞ்சு வியாதி, அதான் டி.பி., வந்துது. மருந்து தின்னு சுத்தமா சரியாப் பூட்டுது, டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. ஆனா யாரு கேக்கறாங்க? “அப்பனுக்கு அந்த வியாதியாமே”ன்னு எவனோ ஊதிவுட்டு, ரெண்டு சம்பந்தம் கலைஞ்சு போச்சு. இது மூணாவது. இவங்க காது வரைக்கும் அந்தப் பேச்சு இன்னும் போகல.

வெறுங்கையோட வூட்டுக்குப் போனேன். என் பொண்டாட்டி ஐரீன் தலையில அடிச்சுக்கினா.

“வந்தவங்களுக்கு வெறும் காப்பியா குடுக்கறது? கடைசி நிமிசத்துல மானத்தை வாங்கறியே!”

சொல்லி வாய் மூடல, வாசல்ல ரிக்‌ஷா நின்னுது. மாப்பிள்ளை, அவங்க அம்மா, மாமா. உக்காந்தாங்க. என் பொண்ணு லூர்து வந்து கும்பிட்டுட்டு நின்னா. நான் நெளியறேன்.

அப்ப சைக்கிள் மணி. பின்வாசல்ல லியோனார்ட்டு! கையில பெரிய பித்தளைத் தூக்கு.

“அக்கா, சூடு ஆறல. தட்டுல எடுத்து வெய்யுங்க.”

தெறந்தா, நாப்பது போண்டாவும் அப்படியே கீது.

மாப்பிள்ளையோட அம்மா மூணு தின்னாங்க. “பொண்ணு செஞ்சதா?”ன்னு கேட்டாங்க. ஐரீன் வாய் கூசாம “ஆமாங்க”ன்னா. அந்தம்மா கையைத் தொடைச்சுகினே, “ஈஸ்டர் முடிஞ்சதும் கோயில்ல அறிவிப்பு ஓலை வாசிச்சு, கல்யாணத்தை வெச்சுக்கலாம்”னாங்க.

மாதாவே! எனக்கு அப்பதான் மூச்சே வந்துது.

லியோனார்ட்டை கொல்லைப்பக்கம் இழுத்துகினு போனேன்.

“இன்னாடா கூத்து இது? பிடுங்கினதும் நீயே, கொண்ணாந்து குடுக்கறதும் நீயே!”

அவன் சுத்தும் முத்தும் பாத்துட்டு, சட்டைப் பையிலேர்ந்து எண்ணெய் ஊறின காகிதத்தை எடுத்து நீட்டினான்.

“உன் பொட்டலம் கட்டியிருந்த காகிதம் மாமு. எங்க மெஷினு அடிச்சது, கடையிலேயே கண்ணுல பட்டுது. ரகுபதி சார் அட்டையைப் பூட்டி வெச்சுட்டு, இந்த லிஸ்டையெல்லாம் பழைய பேப்பர்னு எடைக்குப் போட்டுட்டாரு.”

பிரிச்சேன். கம்பெனி டிஸ்பென்சரியில மருந்து வாங்கினவங்க லிஸ்டு, இங்கிலீஷ்ல. ஏழாவது வரியில என் பேரு, டோக்கன் நம்பரு, பக்கத்துல அந்த வியாதி. மாப்பிள்ளை மாமா இங்கிலீஷ் பேப்பரை கக்கத்துல இடுக்கிகினு வந்தவரு. அவரு முன்னாடிதான் நான் அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சிருப்பேன்.

காகிதத்தைச் சுருட்டி மடியில சொருகினேன். “அங்கியே சொல்றதுக்கு இன்னாடா?”

“நாலு பேரு நின்னுகினு இருந்தாங்களே மாமு. கடையில மிச்சம் இருந்த காகிதத்தையும் வாங்கிக் கொளுத்திட்டேன்.”

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. “எல்லாம் எல்லாருக்கும்னு சொல்றவனாச்சே நீ?”

“அது மெஷினு சமாச்சாரம். இது உன்னுது”ன்னவன், குரலைத் தாழ்த்திகினு சொன்னான்: “உன்னைக் கேக்காம நானும் படிச்சுட்டேன். மன்னிச்சுக்கோ மாமு.”