ஏழு இருமல்கள்

இருமல் பொத்தானை மாசிலாமணி மூன்றாவது முறையாகக் கழற்றிப் பார்த்துவிட்டான். பழுதில்லை. வானொலி அறிவிப்பாளர்கள் இருமல் வந்தால் மைக்கை அடைத்துக்கொள்வதற்காக மேசையில் வைத்திருக்கும் பொத்தான் அது. நேற்றைய மதியச் செய்தியில் ஏழு தடவை அதை அழுத்தியிருப்பதாகப் பதிவுக் கருவி நொடி பிசகாமல் குறித்து வைத்திருந்தது. ஒலிப்பதிவிலும் அதே ஏழு இடங்களில் ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிக் கொடு என்று நிலைய இயக்குநர் காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். பழுது என்று எழுதினால் கருவிகளைப் பராமரிக்கும் மாசிலாமணியின் தலை உருளும். இல்லையென்றால் செய்தி வாசித்த தாட்சாயணிக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது.

"தொண்டை சரியில்லையாம்மா?" என்று அவளிடம் கேட்டான்.

"நல்லாத்தான் சார் இருக்கு."

ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியவில்லையே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெட்போனை மாட்டி ஒலியை முழுக்கக் கூட்டினான். நான்காவது ஓட்டை முடிந்து மைக் திறந்த கணத்தில், 'அணையின் நீர்மட்டம்' என்று அவள் தொடங்கும் குரலுக்கு அடியில், ஒரு கைக்குழந்தையின் சிணுங்கல் தேய்ந்து அடங்கியது. தண்ணீர் பாட்டிலைக்கூட ஸ்டுடியோவுக்குள் விடாத நிலையம் அது.

படிவத்தில் காரணத்துக்கான ஏழு கட்டங்களிலும் 'இருமல்' என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினான்.

இயக்குநர் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நான்காவது இடத்தை இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டார்.

"யாரோட இருமல்யா இது?"

மாசிலாமணி படிவத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"அதுக்குக் கட்டம் இல்ல சார்."